‘விதவுட் யூ’ யாருடைய பாட்டு?

கேட்கப்பட்ட கேள்வி இது: “‘விதவுட் யூ’ மரையா கேரியின் பாட்டு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்பாவோ அது நில்சன் பாட்டு என்கிறார். தேடிப் பார்த்தால் பேட்ஃபிங்கர் என்று மூன்றாவதாக ஒரு பெயர் வருகிறது. உண்மையில் யாருடையது? ஐம்பது வருஷமாக ஏன் எல்லாரும் இதையே பாடிக்கொண்டிருக்கிறார்கள்?”

முதல் பாதிக்குப் பதில் எளிது. எழுதியவர்கள் பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும், 1970ல் வெளிவந்தது. உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஹாரி நில்சன், 1971ல். அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தவர் மரையா கேரி, 1994ல். ஆகவே அப்பாவும் தப்பாகச் சொல்லவில்லை.

இரண்டாவது பாதிதான் சுவாரசியம். ‘நல்ல பாட்டு, அதனால் நிலைத்தது’ என்று பலரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல பாட்டுகள் ஆயிரக்கணக்கில் மறக்கப்பட்டிருக்கின்றன. என் எண்ணம் வேறு. இந்தப் பாட்டு இரண்டு பேர் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு அரைப் பாட்டுகளைச் சேர்த்து ஒட்டியது. அந்த ஒட்டு இன்றைக்கும் தெரிகிறது. அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்பதை ஒவ்வொரு பாடகரும் தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்ப ஆட்களை இழுப்பது அதுதான்.

கொஞ்சம் பின்னணி. பீட் ஹாம் வேல்ஸிலுள்ள ஸ்வான்சீ நகரத்துக்காரர். அங்கே ஐவி பிளேஸ் என்ற தெருவின் பெயரிலிருந்து ‘தி ஐவிஸ்’ என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். டாம் எவன்ஸ் லிவர்பூலிலிருந்து வந்து சேர்ந்தவர். 1968ல் பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்த முதல் குழுக்களில் ஒன்று இவர்களுடையது. அப்புறம் பெயரை பேட்ஃபிங்கர் என்று மாற்றிக்கொண்டார்கள். பீட்டில்ஸின் பால் மக்கார்ட்னி எழுதிக் கொடுத்த ‘கம் அண்ட் கெட் இட்’ அவர்களுடைய முதல் பெரிய வெற்றி. அதில் ஒரு சங்கடமும் உண்டு. அதற்குப் பிறகு இவர்கள் எதைச் செய்தாலும் ‘பீட்டில்ஸ் மாதிரி இருக்கிறது’ என்ற பேச்சு விடவில்லை. இந்தப் பேச்சே பின்னால் ‘விதவுட் யூ’வுக்கு உதவியாகவும் அமைந்தது, அதற்கு வருகிறேன்.

ஹாமிடம் ஒரு பாட்டு இருந்தது. சரணம் நன்றாக இருந்தது, கோரஸ், அதாவது பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வருகிற பகுதி, சரியாக அமையவில்லை. பிரிந்து போகிறவளின் முகத்தையும் அந்த மாலையையும் மறக்க முடியவில்லை என்று தணிந்த குரலில், தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு பேசுகிற ஆள் அந்தச் சரணத்தில் இருக்கிறான். எவன்ஸிடம் இதற்கு நேர்மாறு: கோரஸ் இருந்தது, சரணம் இல்லை. நீ இல்லாமல் என்னால் வாழ முடியாது என்று நேரடியாகக் கத்துகிற ஒரு வரி. இரண்டும் இரண்டு பேரின் சொந்தக் காதல் சிக்கல்களிலிருந்து வந்தவை. இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், பாட்டு முடிந்தது.

கவனித்துக் கேட்டால் இரண்டு பகுதிகளிலும் பேசுகிற ஆள் ஒருவன் இல்லை என்பது புரியும். சரணத்தில் இருப்பவன் அவளைப் போகவிட்டவன். விதி இதுதான் என்று ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவன். கோரஸில் இருப்பவன் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. முதலாமவன் எப்படி இரண்டாமவனாக மாறினான் என்பதற்குப் பாட்டில் விளக்கம் கிடையாது, இணைப்பாக ஒரு வரிகூடக் கிடையாது. எழுத்து என்று பார்த்தால் இது குறைதான். பாடுகிறவருக்கோ இது வரப்பிரசாதம்.

கோரஸின் அடியில் ஓடுவது நான்கே கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) வட்டம். ஐம்பதுகளின் டூ-வாப் என்ற அமெரிக்கக் குழுப்பாடல் பாணியைக் கேட்டவர்களுக்குப் பழக்கமான சுற்று அது. புதுமை எதுவும் இல்லை. ஆனால் எத்தனை முறை சுற்றினாலும் முடிந்த உணர்வு வராது, மறுபடி தொடங்கச் சொல்லும். மேலே எவ்வளவு சங்கதி போட்டாலும் தாங்கும். ஒருமுறை கேட்டவருக்கே மனப்பாடம் ஆகிவிடும். இதெல்லாம் கவர் பாடுகிறவர்களுக்கு, அதாவது பிறர் பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்கிறவர்களுக்கு, எவ்வளவு வசதி என்று சொல்லவேண்டியதில்லை.

பேட்ஃபிங்கரே பதிவு செய்தது 1970 நவம்பரில் வந்த ‘நோ டைஸ்’ ஆல்பத்தில், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டாக இருக்கிறது. தயாரித்தவர் ஜெஃப் எமரிக், பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர். ஏறக்குறைய நாலே முக்கால் நிமிடம். கிடார், ஆர்கன், டிரம்ஸ். சரணத்தை ஹாம் பாடுகிறார், கோரஸில் எவன்ஸின் குரலும் சேர்கிறது. அதாவது யாருடைய பகுதியோ கிட்டத்தட்ட அவரவர் குரலிலேயே வருகிறது. அழகான பதிவு, ஆனால் அந்த ஒட்டு இருக்கிற இடத்தை அவர்கள் ஒரு பிரச்சினையாகவே பார்க்கவில்லை. சரணம் என்ன உயரத்தில் இருக்கிறதோ, கோரஸும் அதற்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கூச்சத்தோடு சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். கடைசியில் கோரஸையே சுற்றிச் சுற்றி இழுத்து முடிக்கிறார்கள். அந்த ஆல்பத்திலிருந்து ‘நோ மேட்டர் வாட்’ தனி சிங்கிளாக வந்து பிரிட்டனில் 5ஆம் இடம், அமெரிக்காவில் 8ஆம் இடம் பிடித்தது. ‘விதவுட் யூ’வை அங்கே இரண்டிலும் சிங்கிளாகவே விடவில்லை. ஆல்பத்தை நிரப்புகிற பாட்டுகளில் ஒன்றாக அது கிடந்தது.

இங்கே நில்சன் வருகிறார். நில்சனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், மன்னிக்கவும். ராக் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த விசித்திரமான ஆள் அவர். நியூயார்க்கின் புரூக்லினில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இரவு வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். மேடைக் கச்சேரி என்பது அவருக்கு ஏறக்குறைய கிடையாது. 1968ல் பீட்டில்ஸின் ஜான் லெனனும் மக்கார்ட்னியும் தங்களுக்குப் பிடித்த அமெரிக்கக் கலைஞர் என்று இவர் பெயரைச் சொன்னார்கள். அவர் எழுதிய ‘ஒன்’ பாட்டை வைத்து த்ரீ டாக் நைட் குழு பெரிய வெற்றி பெற்றது. அவருடைய சொந்தப் பெயரில் வந்த மிகப் பெரிய இரண்டு வெற்றிகளோ, இரண்டுமே பிறர் எழுதியவை. ஒன்று ஃபிரெட் நீல் எழுதிய ‘எவ்ரிபடீஸ் டாக்கின்’, ‘மிட்நைட் கவ்பாய்’ படத்தில் வந்தது. இன்னொன்று இது. அவ்வளவு நல்ல பாடலாசிரியர் வேறு யாருக்காவது வாய்க்குமா இந்தத் தலையெழுத்து என்று தோன்றும்.

ஒரு விருந்தில் ‘விதவுட் யூ’வைக் கேட்ட நில்சன், அதை பீட்டில்ஸ் பாட்டு என்றே எடுத்துக்கொண்டாராம். பிறகு தேடிப் பார்த்தால் பேட்ஃபிங்கர். மேலே சொன்ன அந்தப் பேச்சு உதவியது இப்படித்தான். பீட்டில்ஸ் சாயல் இல்லாமல் போயிருந்தால் அவர் தேடியே இருக்க மாட்டாரோ என்னவோ.

1971ல் லண்டன் சோஹோவிலிருந்த ட்ரைடன்ட் ஸ்டூடியோவில் பதிவு. தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரி. பியானோ கேரி ரைட், பேஸ் கிடார் கிளாவ்ஸ் ஃபோர்மன், டிரம்ஸ் ஜிம் கெல்ட்னர், வயலின் குழுவுக்கும் ஊதுகருவிகளுக்கும் இசையமைப்பு பால் பக்மாஸ்டர். நில்சனுக்குத் தனிப் பியானோவோடு எளிமையாக விட்டுவிடத்தான் ஆசை. பெரிதாகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் பெர்ரி. இருவருக்கும் இதில் உரசல் இருந்தது. எனக்கு பெர்ரி பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் நில்சனின் ஆசையும் முழுக்கத் தோற்கவில்லை: தொடக்கத்தில் பியானோவும் குரலும் மட்டும்தான் இருக்கின்றன. அந்த வெறுமை இல்லாவிட்டால் பின்னால் வருகிற பெரிய சத்தத்துக்கு மதிப்பே இருந்திருக்காது.

நில்சன் செய்த காரியம் இதுதான். முதல் சரணங்களைப் பேசுகிற மாதிரி, ஏறக்குறைய உணர்ச்சியே இல்லாமல் பாடுகிறார். கோரஸ் முதல்முறை வரும்போது நாம் எதிர்பார்க்கிற வெடிப்பு வராது. அதையும் கீழ்க்குரலில், அடக்கியே பாடிவிட்டு மறுபடி சரணத்துக்குப் போய்விடுகிறார். இரண்டாவது முறை கோரஸ் வரும்போது ஒரு ஸ்தாயி மேலே ஏறிப் பிடிக்கிறார். பாட்டு முழுவதும் அந்த ஒரே தாவலுக்காகக் காத்திருந்தது என்று அப்போதுதான் புரிகிறது. சரணத்தில் இருப்பவனுக்கும் கோரஸில் இருப்பவனுக்கும் நடுவே விளக்கம் இல்லை என்றேன் அல்லவா? அந்த விளக்கத்தை நில்சன் குரலிலேயே கொடுத்துவிட்டார். முதல் கோரஸில் இருப்பவன் இன்னும் தன்னை அடக்கிக்கொண்டிருக்கிறான், இரண்டாவதில் முடியவில்லை. ஒரு வார்த்தைகூடப் புதிதாகச் சேர்க்காமல் ஒரு கதையையே எழுதி நுழைத்த வேலை இது. கூடவே பேட்ஃபிங்கரின் நீளத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் வெட்டியும் விட்டார்.

1972 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம், நான்கு வாரம். மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம், ஐந்து வாரம். அடுத்த வருஷம் சிறந்த ஆண் பாப் பாடகருக்கான கிராமி. ஹாமுக்கும் எவன்ஸுக்கும் 1973ல் ஐவர் நோவெல்லோ விருதுகள். பிரிட்டனில் பாடலாசிரியர்களுக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை அது. அந்தக் குரல் நில்சனிடம் நிலைக்கவில்லை என்பது தனிச் சோகம். 1974ல் லெனன் தயாரித்த ‘புஸ்ஸி கேட்ஸ்’ ஆல்பத்தின் பதிவின்போது குரல்நாண் கிழிந்தது. லெனன் பதிவை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து அதை மறைத்துப் பாடிக்கொண்டே போனார். ‘விதவுட் யூ’வில் பிடித்த உச்சியை அதற்குப் பின் அவரால் அதே மாதிரி தொட முடியவில்லை.

நில்சனுக்கு அப்புறம் வந்தவர்கள் எல்லாருமே, உண்மையைச் சொன்னால், நில்சனின் பதிவைத்தான் கவர் செய்கிறார்கள். பேட்ஃபிங்கரை யாரும் தொடுவதில்லை. மரையா கேரியும் அப்படித்தான்: பியானோவில் தொடங்கித் தணிந்த குரலில் நுழைகிறார். ஆனால் அந்த ஒட்டு இருக்கிற இடத்தை அவர் கடக்கிற விதம் வேறு. நில்சன் தனி ஆளாக மேலே தாவுகிறார். கேரியின் கோரஸில் பின்குரல்கள் அடுக்கடுக்காக வந்து சேர்கின்றன, தேவாலயத்து காஸ்பெல் பாடகர் குழுவின் பாணியில். கதறல் கூட்டுப் பிரார்த்தனையாக மாறிவிடுகிறது. கடைசிப் பகுதியில் கூட்டம் நேர்க்கோட்டில் கோரஸைப் பாடிக்கொண்டிருக்க, அவர் அதன் மேல் சங்கதிகளாகப் போட்டுக்கொண்டே போகிறார். அந்த நான்கு கார்டு வட்டம் அதற்குத்தான் அவ்வளவு தோதாக இருக்கிறது.

சிலர் இதை ‘குரல் சர்க்கஸ்’ என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருடைய மற்றப் பாட்டுகளோடு ஒப்பிட்டால் இதில் அவர் ரொம்பவே அடக்கம். விசில் மாதிரி ஒலிக்கிற, அவருடைய புகழ்பெற்ற அந்த மிக உயர்ந்த சுருதியை ஸ்டூடியோ பதிவில் எடுக்கவே இல்லை. எனக்கு இருக்கிற குறை வேறு: தனிமை போய்விடுகிறது. பின்னால் இத்தனை குரல்கள் தாங்கிப் பிடிக்கும்போது, இவர் நிஜமாகவே தனியாக இருக்கிறார் என்று நம்புவது கஷ்டம். 1993ல் வந்த ‘மியூசிக் பாக்ஸ்’ ஆல்பத்தின் பாட்டு இது. சிங்கிளாக வந்தது 1994 ஜனவரியில். அதே ஜனவரி 15ஆம் தேதி நில்சன் மாரடைப்பில் காலமானார், 52 வயது. பிரிட்டனில் நேராக முதலிடத்தில் நுழைந்து நான்கு வாரம் நின்றது. அமெரிக்காவில் 3ஆம் இடம்.

மற்றக் கவர்களை வேகமாகத் தாண்டிவிடலாம். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஹார்ட் குழு எழுபதுகளில் பாடியது, ஆன் வில்சனின் குரலுக்காகக் கேட்கலாம். ஏர் சப்ளை 1991ல் பாடியது சுத்தமாக இருக்கிறது, தொடக்கத்திலிருந்தே உருகிவிடுவதால் உருகுவதற்குப் பின்னால் எதுவும் மிச்சமில்லை. பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளில் இது நிரந்தர விருந்தாளி. காரணம் தெளிவு: மூன்று நிமிடத்துக்குள் கீழ்க்குரலையும் உச்சத்தையும் நடுவர்களுக்குக் காட்டிவிடலாம். 2008ல் பல்கேரியாவின் ‘மியூசிக் ஐடல்’ தேர்வுக்கு வந்த ஒரு பெண், ஆங்கிலம் தெரியாமல் காதில் விழுந்ததை வைத்தே பாடி, ‘காண்ட் லிவ்’ (வாழ முடியாது) என்பது ‘கென் லீ’ ஆகிவிட்டது. அந்தக் காணொளியைப் பார்த்து உலகமே சிரித்தது. ஆனால் நினைத்துப் பாருங்கள், ஒரு வார்த்தையும் புரியாமல் மெட்டையும் ஏற்ற இறக்கத்தையும் மட்டும் வைத்து அவர் முழுப் பாட்டையும் உணர்ச்சியோடு பாடி முடித்தார். மெட்டு தனியாகவே நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கர்நாடக இசை கேட்கிறவர்கள் ஒரே கீர்த்தனையை யார் யார் எப்படிப் பாடினார்கள் என்று பேசுவதை விநோதமாக நினைப்பதில்லை. ராக் உலகத்தில்தான் ‘ஒரிஜினல்’ என்ற பிடிவாதம் அதிகம், ஏனென்றால் அங்கே இசைத்தட்டுதான் படைப்பு. ‘விதவுட் யூ’ அந்த வழக்கத்துக்கு அடங்காத சில பாட்டுகளில் ஒன்று.

சரி, பணம். யாருடைய பாட்டு என்ற கேள்விக்குச் சட்டத்தில் வேறொரு பதில் உண்டு. பாட்டுக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. புதிய ஒலிப்பதிவு கவர் பாடுகிறவருக்கோ அவருடைய இசைத்தட்டு நிறுவனத்துக்கோ சொந்தம். பாட்டு மட்டும் எழுதியவர்களுடையதாகவே இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டில் வெளிவந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் மறுபடி பதிவு செய்யலாம், எழுதியவரின் சம்மதம்கூட வேண்டாம். சட்டம் சொல்கிற தொகையைக் கட்டினால் போதும். மெட்டின் அடிப்படையை மாற்றக்கூடாது, அவ்வளவே. நில்சன் பாடிய காலத்தில் அந்தத் தொகை ஒரு பிரதிக்கு 2 சென்ட். 1909ல் வைத்த விலை, 1978 வரை மாறவில்லை! அதையும் பாட்டின் உரிமையை நிர்வகிக்கிற இசைப் பதிப்பகத்தோடு பங்கு போட்டு, மிச்சத்தை இரண்டு ஆசிரியர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் லட்சக்கணக்கில் விற்ற பாட்டுக்கு, வானொலி வருமானமும் சேர்த்து, நல்ல தொகை வந்திருக்க வேண்டும்.

அது அவர்கள் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. குழுவின் அமெரிக்க மேலாளர் ஸ்டான் பாலியின் ஏற்பாட்டில் வருமானம் அவர் நிறுவனங்கள் வழியாகப் போய், குழுவினருக்குச் சம்பளம் மாதிரி ஒரு தொகை வந்துகொண்டிருந்தது. ஆப்பிளை விட்டு வார்னர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போன பிறகு, வார்னர் கொடுத்த முன்பணத்தில் ஒரு பெரிய தொகைக்குக் கணக்கு இல்லை என்று வழக்கு வந்தது. புதிய ஆல்பத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிட்டார்கள். வீட்டுக் கடன், பிறக்கப்போகிற குழந்தை, கையில் காசில்லை. 1975 ஏப்ரல் 24ஆம் தேதி பீட் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 28 வயது ஆக மூன்று நாள் இருந்தது. டாம் எவன்ஸ் இதிலிருந்து மீளவே இல்லை. இந்தப் பாட்டின் ராயல்டி உட்படப் பல பங்குத் தகராறுகள் வருஷக்கணக்கில் அவரைத் துரத்தின. 1983 நவம்பரில் அவரும் அதே முடிவுக்குப் போனார்.

பாட்டின் வரியை இந்த இரண்டு மரணங்களோடு முடிச்சுப் போட்டு ‘சபிக்கப்பட்ட பாட்டு’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அது பிடிப்பதில்லை. அவர்களை நசுக்கியது பாட்டு அல்ல. படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களும், கணக்குக் காட்டாத நிர்வாகமும்தான். சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மரையா கேரியின் பதிவு உலகம் முழுக்க விற்றபோது எழுதிய இருவரும் உயிரோடு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்வான்சீ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அந்த ஐவி பிளேஸில், 2013ல் ஹாமுக்கு ஒரு நீல நினைவுப் பலகை வைத்தார்கள். அதே வருஷம் ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் கடைசிக் காட்சியில் அவருடைய ‘பேபி புளூ’ ஒலித்து, பேட்ஃபிங்கர் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூடத் தேடிக் கேட்டார்கள்.

எந்த வரிசையில் கேட்கலாம்? பேட்ஃபிங்கரில் தொடங்காதீர்கள். மரையா கேரி ஏற்கெனவே காதில் இருப்பதால் அடுத்து நில்சன், அதுவும் முதல் கோரஸையும் இரண்டாவதையும் ஒப்பிட்டு. அதற்குப் பிறகு பேட்ஃபிங்கரைக் கேட்டால், ‘என்ன, இவ்வளவு சாதாரணமாகப் பாடுகிறார்களே’ என்று முதலில் தோன்றும். இரண்டு மூன்று முறை கேளுங்கள். எழுதியவர்களுக்கு அந்தப் பாட்டை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாத தொனி ஒன்று அதில் இருக்கிறது, வேறு எந்தக் கவரிலும் அது கிடையாது. அது பிடித்துப்போனால் 1971ல் வந்த ‘ஸ்ட்ரெய்ட் அப்’ ஆல்பத்துக்குப் போங்கள். ‘டே ஆஃப்டர் டே’யில் ஸ்லைட் கிடார் வாசிப்பவர்களில் ஒருவர் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன், அந்தப் பாட்டின் தயாரிப்பாளரும் அவரே. அப்பாவுக்கும் போட்டுக் காட்டுங்கள்; நில்சன் ரசிகர் என்றால் கட்டாயம் பிடிக்கும்.